'மற்றவை' என்னும் கட்டம்

சமூகப்பணி படிக்கிற மாணவத் தோழி ஒருவர் ஒரு கேள்வித்தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். 'நகர்ப்புற வீடின்மைக்கான காரணங்கள்: ஓர் அளவை ஆய்வு' என்று தலைப்பு. ஆறு பக்கம், 42 கேள்வி. சென்னையில் பிராட்வே, வால்டாக்ஸ் சாலை, சென்ட்ரல் பக்கம் நடைபாதையில் இருக்கிற 300 பேரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். "இருபது பேர்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன் தோழர். எங்கயோ இடிக்குது. என்னன்னுதான் சொல்லத் தெரியல" என்றார்.

சொல்லத் தெரியவில்லை என்றாரே தவிர, இடிக்கிற இடத்தில் அவர் விரல் சரியாகத்தான் இருந்தது. அது 17ஆவது கேள்வி. 'நீங்கள் வீட்டை இழந்ததற்கு முதன்மைக் காரணம் என்ன? ஒன்றை மட்டும் குறிக்கவும்.' கீழே எட்டுக் கட்டங்கள்: குடும்பத் தகராறு, குடிப்பழக்கம், வேலையின்மை, கடன், நோய், மனநலக் குறைவு, இயற்கைச் சீற்றம், மற்றவை. பிராட்வேயில் பூக்கட்டுகிற ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டிருக்கிறார். அந்தம்மா சிரித்ததாம். "இன்னாம்மா கேக்குற? ஊடு எப்பிடிப் போச்சுன்னா? இருந்தாத்தானே போறதுக்கு! எங்கம்மாவே இந்த பிளாட்பாரத்துலதான் பொறந்துச்சு. நானும் இங்கதான். எம் பொண்ணும் இங்கதான்." மாணவி என்ன செய்வார்? எட்டாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டு 18க்குப் போய்விட்டார். இருபது பேரில் பதினோரு பேர் இப்படி எட்டாவது கட்டத்தில் விழுந்திருக்கிறார்கள்.

கவிதையையும் நாவலையும்தான் விமர்சனம் செய்ய வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. கேள்வித்தாளும் ஒரு பிரதிதான். அதற்கும் ஆசிரியர் உண்டு, அவருக்கு ஒரு சாதி உண்டு, ஒரு வீடு உண்டு. நம் ஜனங்களைப் பற்றி எழுதப்பட்ட கதைகளை வாசித்து 'இது யார் பார்வை?' என்று கேட்கப் பழகிய நாம், நம் ஜனங்களை எண்ணுகிற தாள்களை அப்படி வாசிக்கப் பழகவில்லை. கதை தப்பாக இருந்தால் ஒரு வாசகன் தப்பாக நினைப்பான். கேள்வித்தாள் தப்பாக இருந்தால் திட்டம் தப்பாக வரும், பணம் தப்பான இடத்துக்குப் போகும், புல்டோசர் சரியாக நம் வாசலுக்கு வரும்.

இந்த 17ஆவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு முன்பு வீடு இருந்தது என்று அது தானாகவே முடிவு கட்டிக்கொள்கிறது. அந்த வீடு போனதற்கு ஒரே ஒரு காரணம்தான் என்றும் முடிவு கட்டுகிறது. அந்தக் காரணம் வீட்டை இழந்தவருக்கே தெரியும் என்றும், அது அவருடைய உடம்பிலோ புத்தியிலோ குடும்பத்திலோதான் இருக்கும் என்றும் எடுத்துக்கொள்கிறது. எட்டுக் கட்டங்களில் நான்கு அவரையும் அவர் குடும்பத்தையும் பற்றியது. வேலையும் கடனும்கூட அவருடைய குறைகளாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. வெளியிலிருந்து வருகிற ஒரே காரணம் இயற்கை. அதாவது குற்றவாளி நீ, இல்லாவிட்டால் மழை. நடுவில் மனுஷன் யாரும் இல்லை. நகராட்சி இல்லை, வீட்டுச் சொந்தக்காரன் இல்லை, நிலத்தை எடுத்துக்கொண்டவன் இல்லை, தீ வைத்தவன் இல்லை.

இந்தக் கேள்வித்தாளை ஒருவருக்கு நிரப்பிப் பார்க்கலாம். பெயர்: பீமராவ். வயது: 26. கல்வி: நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம். வேலை: பரோடா சமஸ்தானத்தில் உயர் பதவி. வருஷம் 1917. அந்த ஊரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதியில் சேர்க்கமாட்டார்கள் என்று தெரியும். பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் போட்டுக்கொண்டு தங்கினார். பதினோராவது நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியே போகச் சொன்னது. ஊரில் இருந்த இந்து நண்பரும் இடம் தரவில்லை, கிறித்தவ நண்பரும் தரவில்லை. பம்பாய் ரயிலுக்கு நேரமாகும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார் அண்ணல் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார். இப்போது 17ஆவது கேள்வியைக் கேளுங்கள். குடியா? இல்லை. குடும்பத் தகராறா? இல்லை. வேலையின்மையா? வேலை இருந்தது. நோயா, புயலா? எதுவும் இல்லை. மற்றவை!

அண்ணலையே 'மற்றவை'யில் போட்டு மூடுகிற தாள் பூக்கட்டுகிற அம்மாவை எங்கே போடும்?

'மற்றவை' என்ற அந்தச் சின்னக் கட்டத்துக்குள் என்னென்ன கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. அந்த நிலம் இன்றைக்கு யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்டபோது துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். நிலம் போனவன் பட்டணத்துக்கு வருகிறான், பட்டணத்தில் நடைபாதையில் படுக்கிறான். இதற்குக் கட்டம் எங்கே? 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துச் சேரிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடிக் கொளுத்தப்பட்டன. ஒரு பெண்ணும் பையனும் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. இதை 'குடும்பத் தகராறு' என்று டிக் அடிப்பீர்களா? 2022 மே மாதம் சென்னை ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்துபோனார். எட்டில் எந்தக் கட்டம்?

'இதெல்லாம் உணர்ச்சி, ஆய்வு வேறு' என்று பேராசிரியர்கள் சொல்லக்கூடும். சரி, ஆய்வு முறையைப் பற்றியே பேசுவோம்.

ஒரு பேச்சுக்கு, நடைபாதையில் கேட்ட 300 பேரில் 180 பேர் குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம். அறிக்கையில் 'வீடின்மைக்கு முக்கியக் காரணம் குடி' என்று எழுதிவிடுவார்கள், பத்திரிகையில் தலைப்பாகவும் வந்துவிடும். ஆனால் அதே தெருவில், அதே கூலிவேலை பார்த்து, ஓட்டு வீட்டிலோ ஒண்டுக்குடித்தனத்திலோ இருக்கிற 300 பேரிடம் யாராவது கேட்டார்களா? அங்கேயும் 180 வந்தால் குடி எப்படிக் காரணமாகும்? குடிக்கிறவனெல்லாம் தெருவுக்கு வந்துவிடுவான் என்றால் பங்களாக்கள் பாதி காலியாக அல்லவா கிடக்க வேண்டும்! வீடில்லாதவர்களை மட்டும் கேட்டு, வீடில்லாததற்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாது. இது தலித் அரசியல் இல்லை, புள்ளியியலின் அரிச்சுவடி. ஒப்பிட ஆள் வேண்டும்.

இரண்டாவது, எது முன்னே எது பின்னே என்பது. குடித்ததால் தெருவுக்கு வந்தாரா, தெருவில் கொசுக்கடியிலும் போலீஸ் லத்தியிலும் தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்தாரா? 'நீங்கள் குடிப்பீர்களா? ஆம்/இல்லை' என்று ஒரே நாளில் கேட்டால் இது தெரியாது. மனநலமும் அப்படித்தான். பத்து வருஷம் நடைபாதையில் இருந்த பிறகு ஒருவர் தனக்குள் பேசிக்கொண்டிருந்தால், அது அவர் அங்கே வந்ததற்குக் காரணமா, அங்கே இருந்ததன் பலனா?

மூன்றாவதுக்கு ஓர் உதாரணம். தெருவுக்குத் தண்ணி லாரி வருகிறது. நூறு குடம் வரிசையில் நிற்கிறது, லாரியில் அறுபது குடம் தண்ணீர்தான் இருக்கிறது. நாற்பது பேர் வெறுங்குடத்தோடு திரும்புகிறார்கள். அந்த நாற்பது பேரிடம் போய் 'உங்களுக்குத் தண்ணீர் கிடைக்காததற்குக் காரணம் என்ன?' என்று கேளுங்கள். ஒரு பாட்டி முட்டிவலி என்பார். ஒரு பெண் கைக்குழந்தை என்பார். ஒருவர் தூங்கிட்டேன் என்பார். எல்லாம் உண்மைதான். யார் திரும்பினார்கள் என்பதை அது சொல்லும். ஏன் நாற்பது பேர் திரும்பினார்கள் என்பதைச் சொல்லாது. பாட்டிக்கு முட்டிவலி சரியாகிவிட்டால் பாட்டிக்குத் தண்ணி கிடைக்கும், வேறொருத்தர் வெறுங்குடத்தோடு போவார். நாற்பது நாற்பதாகவே இருக்கும். நாற்பதுக்குக் காரணம் லாரி. லாரிக்குக் கேள்வித்தாள் யாரும் போடுவதில்லை.

இந்தக் கேள்வித்தாள் மாதிரியான முறைகளெல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்து வருவதாகச் சொல்கிறார்கள். அந்த ஊரிலேயே இதைக் கேள்வி கேட்டாயிற்று. கிரெக் கோல்பர்ன், கிளேட்டன் பேஜ் ஆல்டெர்ன் என்ற இருவர் 2022இல் ஒரு புத்தகம் போட்டார்கள். தனி மனிதர்களை ஒப்பிடுவதற்குப் பதிலாக நகரங்களை ஒப்பிட்டார்கள். வறுமை அதிகமுள்ள டெட்ராய்ட், கிளீவ்லாந்து போன்ற ஊர்களில் வீடற்றோர் வீதம் குறைவு. பணம் கொழிக்கிற சியாட்டிலிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் அதிகம். ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசத்தைப் போதைப் பழக்கமோ மனநோயோ விளக்கவில்லை, வாடகையும் காலி வீடுகளின் அளவும்தான் விளக்கின. அதற்கு முன்பே 1998இல் கல்ஹேன், குன் ஆகியோர் நியூயார்க், பிலடெல்பியா காப்பகப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். வந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போனவர்கள். வருஷக்கணக்கில் இருந்தவர்கள் சுமார் 10 சதவீதம்தான், ஆனால் காப்பக நாட்களில் ஏறக்குறைய பாதி அவர்களுடையது. அதனால் ஒரே இரவில் போய் எண்ணுகிறவன் கண்ணுக்கு நெடுநாள் இருப்பவர்களே அதிகம் தெரிவார்கள். அவர்களுடைய நோயையும் தள்ளாமையையும் பார்த்து 'வீடற்றோர் என்றால் இப்படித்தான்' என்று எழுதிவிடுவான்.

நம் ஊரிலும் ஒரே இரவுக் கணக்குதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை 2011 பிப்ரவரி 28 இரவு எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் என்றது கணக்கு. 2001இல் அது 19.4 லட்சம். 'குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்பட்டார்கள். உள்ளே பார்த்தால், கிராமத்தில் குறைந்திருக்கிறது, நகரத்தில் 7.8 லட்சத்திலிருந்து 9.4 லட்சமாகக் கூடியிருக்கிறது. அதுவும் கண்ணில் பட்டவர்கள் மட்டும். ராத்திரியில் கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர் படுத்திருக்கமாட்டார். வேலை பார்க்கிற கடைக்குள்ளேயே ஷட்டரை இறக்கிப் படுக்கிற பையன் வெளியே தெரியமாட்டான். தனியாக இருக்கிற பெண் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துதான் தூங்குவாள், அதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. நகரத்திலிருந்து பிடுங்கிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்ப் போட்டவர்களில், பிழைப்பு இல்லாமல் பழைய நடைபாதைக்கே திரும்பியவர்கள் உண்டு. ஏட்டில் அவர்கள் 'வீடு ஒதுக்கப்பட்டவர்கள்'. வீடற்றோர் கணக்கில் வரமாட்டார்கள்.

இங்கே நம் தோழர்களோடும் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. 'எண் என்பது அதிகாரத்தின் மொழி, நமக்கு வாக்குமூலம் போதும்' என்று பேசுகிற ஒரு போக்கு நம்மிடம் இருக்கிறது. வாக்குமூலத்தின் பலத்தை இந்தப் பக்கங்களில் எழுதுகிற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010இல் உச்சநீதிமன்றம் சொன்னபோது அது எண்ணில்தான் பேசியது. எண்ணில்லாமல் பட்ஜெட் இல்லை. மும்பையில் 1985இல் ஸ்பார்க் அமைப்பு நடைபாதையில் இருந்த சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. நடைபாதைவாசிகளை அகற்றலாமா என்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வருஷம் அது. இவர்கள் திரிந்து அலைகிற கூட்டமல்ல, வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பதற்காகவே அங்கே குடியிருக்கிறார்கள் என்பதை அந்தக் கணக்கு காட்டியது. அந்த வருஷம் ஜூலையில் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு, பிழைப்பு என்பது வாழும் உரிமையின் பகுதி என்று ஒப்புக்கொண்டது, நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. எண் ஒன்றே போதாது என்பதற்கும் இது சாட்சி. எண்ணை அவர்கள் கையிலேயே விட்டுவிடக்கூடாது என்பதற்கும் இதுவே சாட்சி.

அப்படியானால் கேள்வித்தாளை எப்படிப் போடுவது? மாணவியோடு உட்கார்ந்து நாங்கள் பேசியதைச் சொல்கிறேன்.

ஒன்று, 17ஆவது கேள்வியைத் தூக்கிவிட வேண்டும். 'ஏன்' என்பதை அவரிடம் கேட்காதீர்கள், 'என்ன நடந்தது' என்று கேளுங்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வாளர் வேலை. பிறந்த நாளிலிருந்து எங்கெங்கே படுத்தார், ஒவ்வோர் இடத்தையும் விட்டு ஏன் கிளம்பினார், கிளம்பச் சொன்னது யார், கையில் நோட்டீஸ் கொடுத்தார்களா, அப்போது வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, ஊரில் நிலம் இருந்ததா, அது யாரிடம் போனது. வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாது. 'எம்ஜிஆர் செத்தப்போ எங்க இருந்தீங்க? சுனாமி வந்தப்போ? பெருவெள்ளத்தப்போ?' என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். 1987, 2004, 2015 என்று நாம் எழுதிக்கொள்ளலாம். குடியும் நோயும் எப்போது ஆரம்பித்தன என்பதும் அதே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும்.

இரண்டு, ஒப்பிட ஆள். நடைபாதையில் 300 பேர் என்றால், அதே வட்டாரத்தில் அதே மாதிரி வேலை பார்த்து வாடகை வீட்டில் இருக்கிற 300 பேரிடமும் அதே கேள்விகள்.

மூன்று, ஓர் இரவு போதாது. வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு நேரங்களில் போக வேண்டும். போலீஸோடு போகக்கூடாது. பெண்களிடம் பெண்கள் போக வேண்டும். அங்கேயே குடியிருக்கிறவர்களில் சிலரைக் கணக்கெடுப்பவர்களாகச் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். யார் எங்கே தூங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நான்கு, சாதி. 'சாதி கேட்டா தப்பா நினைப்பாங்களோ' என்று கூச்சப்படுகிறார்கள். வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்க எந்த வீட்டுக்காரரும் கூச்சப்படுவதில்லை! ஆனால் எஸ்சி, எஸ்டி, பிசி என்று கட்டம் மட்டும் போட்டால் பாதிதான் தெரியும். 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவரானவர் பட்டியல் சாதியில் வரமாட்டார், தமிழ்நாட்டில் பிசி பட்டியலில் இருப்பார். சேரியில் இருப்பது ஒரே தெரு, ஏட்டில் இரண்டு பிரிவு. நரிக்குறவர்கள் 2023 வரை எம்பிசி, அதற்குப் பிறகு எஸ்டி. இரண்டு வருஷத்துக் கணக்குகளை ஒப்பிட்டால் பழங்குடிகள் திடீரென்று தெருவுக்கு வந்துவிட்டதாகத் தெரியும். அதனால் சாதிப் பெயரையும் மதத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியமானது. கேள்வித்தாள் ஒரு பக்கமாக மட்டும் போகக்கூடாது. அந்த வட்டாரத்தில் வாடகை என்ன, காலி வீடு எத்தனை, பத்து வருஷத்தில் எத்தனை வீடு இடிக்கப்பட்டது, யார் உத்தரவில், எந்தத் திட்டத்துக்காக? இதையெல்லாம் எண்ண முடியும். கதவு சாத்தப்படுவதைக்கூட எண்ணலாம். சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் டெல்லி வட்டாரத்தில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், யாரிடமும் போய் 'உங்களுக்கு ஏன் வீடு கிடைக்கவில்லை?' என்று கேட்கவில்லை. மேல்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் வீடு கேட்டுப் பார்த்தார்கள். யாருக்கு எத்தனை கதவு சாத்தப்பட்டது என்று எண்ணினார்கள். அதுதான் லாரிக்குப் போடுகிற கேள்வித்தாள்.

இதையெல்லாம் செய்தால் குடியும் நோயும் இல்லாமல் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. புருஷன் அடித்து விரட்டிய பெண்கள் தெருவில் இருக்கிறார்கள். குடும்பம் கைவிட்ட மனநோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சையும் பாதுகாப்பும் வேண்டும். ஒரே காரணம் சாதிதான் என்று நாமே ஒரு கட்டத்தைப் போட்டு எல்லோரையும் அதில் தள்ளினால், அதுவும் இன்னொரு 17ஆவது கேள்விதான். நாம் கேட்பது ஒன்றுதான்: பதில் என்னவாக இருந்தாலும், அது வர வழி இருக்கிற மாதிரி கேளுங்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாள் என்றும், அதில் சாதியும் கேட்கப்படும் என்றும் 2025இல் அரசு அறிவித்தது. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற மாணவர்களும் ஆசிரியத் தோழர்களும் சிலர் கணக்கெடுப்பாளர்களாகவே போவீர்கள், சிலர் ஆய்வுக்காகப் போவீர்கள். அரசாங்கப் படிவத்தை உங்களால் மாற்ற முடியாமல் இருக்கலாம். உங்கள் சொந்தக் கேள்வித்தாளை மாற்ற முடியும்.

அந்த மாணவி மாற்றிவிட்டார். வழிகாட்டிப் பேராசிரியர் ஒப்புக்கொள்வாரா என்பது இன்னும் தெரியவில்லை. 'மாதிரி பெரிசாகும், செலவு கூடும், பட்டம் தள்ளிப்போகும்' என்று சொல்லியிருக்கிறாராம். உண்மைதான். 300 பேரை 600 பேராக்கப் பணம் இல்லாவிட்டால் 150க்கு 150 என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் முடியாவிட்டால், குறைந்தபட்சம் இதைச் செய்யட்டும்: எட்டாவது கட்டத்தில் விழுந்த பதினோரு பேரிடமும் திரும்பப் போய், அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வரட்டும். கேள்வித்தாளை அங்கிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். நம் ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் இருப்பது அந்தக் கட்டத்துக்குள்தான்.